குழந்தையிடம் "என்ன நடந்தது" என்று எப்படிக் கேட்பது? களத்தில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

நீலக்குடை:

வணக்கம். குழந்தைகள் பாதுகாப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறேன். இதுவரை மூத்தவர்கள் குழந்தைகளிடம் பேசும்போது ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுப்பதோடு சரி. இனி நானே பேச வேண்டும்.

"திறந்த கேள்வியாகக் கேளுங்கள், பதிலை நீங்களே தூக்கிக் கொடுக்காதீர்கள்" என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். காதில் ஏறியது, மனசு ஏற்க மறுக்கிறது. எதிரே ஆறு வயதுக் குழந்தை வார்த்தை வராமல் திணறுகிறது. "அவர் உன்னை அடிச்சாரா? கையிலயா அடிச்சாரு?" என்று நாமே எடுத்துக் கொடுத்தால் அது தலையாட்டினால் போதுமே. வாய்விட்டுச் சொல்கிற வேதனையாவது மிச்சமாகுமே. அன்பாக நடந்துகொள்வதும் முறையாகக் கேட்பதும் எதிரெதிர்த் திசையில் இழுப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

ஆலமரத்தடி:

வாங்க நீலக்குடை. பலர் இந்தக் குழப்பத்தை வெளியே சொல்லாமலே வேலை பார்க்கிறார்கள். நீங்கள் கேட்டது நல்லது.

அந்தத் தலையாட்டலையே எடுத்துக்கொள்வோம். ஆறு வயதுக் குழந்தை எதற்கெல்லாம் தலையாட்டும்? கேள்வி புரியாவிட்டாலும் ஆட்டும். நம் முகம் அதைத்தான் எதிர்பார்க்கிறது என்று தெரிந்தால் ஆட்டும். ஆட்டிவிட்டால் எழுந்து போகலாம் என்று தோன்றினாலும் ஆட்டும். நிஜமாகவே அடி வாங்கியிருந்தாலும் ஆட்டும். பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். அப்புறம் ஃபைலில் "கையில் அடித்ததாகக் குழந்தை கூறியது" என்று ஏறிவிடும். குழந்தை ஒன்றுமே கூறவில்லை. கூறியது நாம்.

நம் கேள்வி நம் கற்பனை எட்டும் தூரம் வரைதான் போகும் என்பதையும் மறக்கக் கூடாது. அடியைப் பற்றிக் கேட்டால், இவர்களுக்கு அடித்ததுதான் தெரிய வேண்டும் போலிருக்கிறது என்று குழந்தை முடிவு கட்டிக்கொள்ளும். இருட்டறையில் பூட்டி வைத்ததைச் சொல்லாது, தம்பிக்கு நடந்ததையும் சொல்லாது. அதைத்தான் யாரும் கேட்கவில்லையே! வார்த்தை எடுத்துக் கொடுத்தால் சுமை குறையும் என்கிறீர்கள். சொல்லாமல் போனதையெல்லாம் அந்தக் குழந்தை அப்படியே சுமந்துகொண்டு வீட்டுக்குத் திரும்பும்.

பயிற்சிக்காக நான் எழுதி வைத்திருக்கும் ஒரு பேச்சைத் தருகிறேன். எந்தக் குழந்தையுடையதும் அல்ல.

"இன்னிக்கு நீ எதுக்காக என்கிட்ட பேச வந்திருக்கேன்னு சொல்லு."
"அம்மா கூட்டிட்டு வந்தாங்க."
"ம்."
(நீண்ட மௌனம்)
"டீச்சர்கிட்ட சொன்னேன்ல, அதுக்கு."
"டீச்சர்கிட்ட சொன்னதைப் பத்தி எல்லாத்தையும் எனக்குச் சொல்லு."
"மாமா வந்தா எனக்குப் பிடிக்காது."
"மாமா வந்தா பிடிக்காதுன்னு சொன்னே. மாமா வந்தா என்ன நடக்கும்? முதல்லேர்ந்து சொல்லு."
"விளையாடலாம்பாரு. கதவைச் சாத்திடுவாரு."
"கதவைச் சாத்தினதும் அப்புறம் என்ன நடக்கும்?"

கேட்பவர் புதிதாக ஒரு வார்த்தையைக்கூட உள்ளே கொண்டுவரவில்லை, பாருங்கள். டீச்சர், மாமா, பிடிக்காது, கதவு எல்லாம் குழந்தை கொடுத்தவை. அதையே திருப்பிக் கொடுத்து "அப்புறம்?" என்கிறார், அவ்வளவுதான். அந்த நீண்ட மௌனத்தில் நாம் வாயைத் திறந்திருந்தால் "டீச்சர்கிட்ட சொன்னேன்ல" வந்திருக்காது.

மனவெளி:

உளவியல் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். வழிநடத்தும் கேள்விகள், அதாவது பதிலை நாமே எடுத்துக் கொடுக்கும் கேள்விகள், எவ்வளவு கெடுதல் செய்யும் என்பது ஊகம் அல்ல, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

1983-இல் கலிஃபோர்னியாவில், பள்ளி ஊழியர்கள் குழந்தைகளைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார்கள் என்று மெக்மார்ட்டின் பாலர் பள்ளி வழக்கு கிளம்பியது. நூற்றுக்கணக்கான குழந்தைகளை நேர்காணல் செய்தார்கள். பொம்மைகளைப் பேச வைத்தார்கள், "மத்த பசங்க எல்லாம் சொல்லிட்டாங்களே" என்றார்கள், எதிர்பார்த்த பதில் வந்தால் பாராட்டினார்கள், வராவிட்டால் மறுபடி கேட்டார்கள். 1990-இல் ஒருவருக்கும் தண்டனை இல்லாமல் வழக்கு முடிந்தது. உண்மையில் யாருக்காவது ஏதாவது நடந்ததா என்று பிரித்தெடுக்க வழியே இல்லாதபடி எல்லாம் கலந்துபோய்விட்டது.

பிறகு 1998-இல் கார்வென் என்ற ஆய்வாளரின் குழு அந்த நேர்காணல்களிலிருந்த உத்திகளை எடுத்து ஒரு சோதனை செய்தது. 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளின் வகுப்புக்கு ஒருவர் வந்து கதை சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரம் கழித்து, அவர் செய்யாத காரியங்களைச் செய்தாரா என்று கேட்டார்கள். பதிலைத் தூண்டும் கேள்வி மட்டும் கேட்கப்பட்ட பிள்ளைகள் 17% இடங்களில் தவறாக ஆமாம் என்றார்கள். அதோடு பாராட்டு, "மத்தவங்க சொல்லிட்டாங்க" போன்ற அழுத்தமும் சேர்ந்தபோது அது 58% ஆனது. இதெல்லாம் ஐந்து நிமிடம்கூட நீளாத பேச்சில்.

இதைப் படித்துவிட்டுச் சிலர் "அப்போ குழந்தைகள் பேச்சை நம்பவே முடியாது" என்று கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். நான்கு வயதுக் குழந்தைகூடத் தனக்கு நேர்ந்ததைத் தன் வார்த்தையில் சரியாகச் சொல்லும். சுருக்கமாகச் சொல்லும், அவ்வளவுதான். கெடுப்பது பெரியவர்களின் கேள்வி.

வாதாடி:

வழக்கறிஞன். நேர்காணல் பதிவு என் மேஜைக்கு வந்ததும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: முக்கியமான அந்த வார்த்தையை முதலில் சொன்னது யார்? குழந்தையா, கேட்டவரா? எதிர்த்தரப்பும் அதையேதான் தேடும். குறுக்கு விசாரணையில் அரை மணி நேரம் அந்த ஒரு வரியைச் சுற்றியே ஓடும். பதிலைக் கேட்டவரே கொடுத்திருந்தால், உண்மையிலேயே பாதிக்கப்பட்ட குழந்தையின் வழக்கும் அங்கேயே விழுந்துவிடும்.

ஆகவே ஒலிப்பதிவோ ஒளிப்பதிவோ செய்ய முடியாத இடத்தில், பதிலை மட்டும் எழுதாதீர்கள். கேள்வியையும் அட்சரம் பிசகாமல் எழுதுங்கள். "குழந்தை தகாத முறையில் தொடப்பட்டதாகத் தெரிவித்தது" என்று எழுதுகிறார்கள். எந்தக் குழந்தை "தகாத முறை" என்று பேசும்? "சூசூ போற இடத்தைக் கிள்ளினாரு" என்று சொல்லியிருந்தால் அதையே எழுதுங்கள். நாகரிகம் பார்த்து மாற்றினால் சாட்சியத்தையே மாற்றுகிறீர்கள்.

ஆலமரத்தடி அம்மா தந்த உதாரணத்தில் "மாமா" என்று வருகிறதே, அதையும் கவனியுங்கள். அம்மாவின் தம்பியும் மாமாதான், அடுத்த வீட்டுக்காரரும் மாமாதான், வேன் ஓட்டுகிறவரும் மாமாதான். அண்ணா, அங்கிள், தாத்தா எல்லாவற்றுக்கும் இதே கதி. குழந்தை சொல்லி முடித்த பிறகு "மாமான்னு சொன்னியே, அந்த மாமாவைப் பத்திச் சொல்லு" என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளாமல் எழுந்துவிடாதீர்கள். "சித்தி வீட்டு மாமாவா?" என்று பெயரை நீங்கள் நீட்டக் கூடாது. தப்பான ஆள் மாட்டுவதற்கு அது போதும்.

கரும்பலகை:

நான் ஆசிரியை. நேர்காணல் எடுப்பவள் அல்ல. ஆனால் குழந்தைகள் முதலில் வந்து சொல்வது எங்களைப் போன்றவர்களிடம்தானே? இடைவேளையில், ரிப்பன் கட்டிவிடச் சொல்லிக்கொண்டே திடீரென்று ஒன்றைச் சொல்லும். அந்த நேரத்தில் நான் என்ன கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது?

ஆலமரத்தடி:

டீச்சர், அந்த நேரத்தில் உங்கள் வேலை கேட்டுக்கொள்வது. துருவுவது அல்ல. ரிப்பனைக் கட்டிக்கொண்டே இருங்கள். நீங்கள் சட்டென்று நிறுத்தி முகத்தைத் திருப்பினால் ஏதோ பெரிய தப்பைச் சொல்லிவிட்டோம் என்று வாயை மூடிக்கொள்ளும். அது பேசுகிற வரை பேசட்டும். நிறுத்தினால் "அதைப் பத்தி இன்னும் சொல்லு" என்று ஒருமுறை சொல்லலாம். யார், என்ன என்று பாதுகாப்புக்குத் தேவையான அளவு தெரிந்துவிட்டால் போதும். மீதியை அதற்கென்று இருப்பவர்கள் கேட்கட்டும்.

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ரகசியத்தைக் காப்பாற்று என்று ஏற்கெனவே ஒருவர் அந்தக் குழந்தையை மிரட்டி வைத்திருக்கலாம். நீங்களும் ரகசியம் என்று சொல்லிவிட்டு மறுநாள் மீறினால், பெரியவர்கள் சொல்லுக்கு அதனிடம் என்ன மதிப்பு இருக்கும்? "நீ என்கிட்ட சொன்னது நல்லது. உன்னைப் பத்திரமாப் பாத்துக்க உதவி பண்றவங்ககிட்ட நான் இதைச் சொல்லணும்" என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். பிறகு உட்கார்ந்து அதன் வார்த்தைகளை, நேரம், இடம், அப்போது நீங்கள் கேட்டது எல்லாவற்றோடும் அன்றைக்கே எழுதிவிட்டுப் புகாரை உரிய இடத்துக்கு அனுப்புங்கள். வீட்டுக்கு போன் போட்டு "இப்படிச் சொல்கிறாளே, உண்மையா?" என்று விசாரிக்கவே கூடாது. செய்தவர் அந்த வீட்டிலேயே இருக்கலாம்.

அன்றொருநாள்:

இவ்வளவையும் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. நான் கேள்வி கேட்கப்பட்ட பக்கம். அப்போது எட்டு வயது. எங்கே, யார் என்பதெல்லாம் வேண்டாம்.

ஒருவர் மாற்றி ஒருவர் வந்து அதே கதையை முதலிலிருந்து கேட்டார்கள். மூன்றாவது ஆள் கேட்கும்போது, முதலில் சொன்னது தப்புப் போலிருக்கிறது, அதனால்தான் மறுபடி கேட்கிறார்கள் என்று நினைத்துக் கொஞ்சம் மாற்றிச் சொன்னேன். "அன்னைக்கு வேற மாதிரி சொன்னியே?" என்றார்கள். அதற்கு மேல் நான் பேசவில்லை.

"ஏன் முன்னாடியே சொல்லலை?" என்ற கேள்வி இன்றைக்கும் காதில் இருக்கிறது. கேட்டவர் கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் அந்த வயதில் எனக்கு அது "உன் தப்புதான்" என்றே கேட்டது.

ஒரே ஒரு அம்மா வித்தியாசமாக இருந்தார். இப்போது என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு நேரம் ஆகும், கதவு பூட்டியிருக்காது, தண்ணீர் வேண்டுமானால் கேட்கலாம் என்று முதலிலேயே சொன்னார். அவர் கேட்ட கேள்விகளில் ஒன்றுகூட ஞாபகம் இல்லை. கதவு பூட்டியிருக்காது என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. நீலக்குடை, அன்பு என்று நீங்கள் தேடுவது இதுவாக இருக்கலாம்.

நீலக்குடை:

அன்றொருநாள், இதை எழுதியதற்கு நன்றி. பலமுறை படித்தேன்.

களம்24:

எல்லாம் சரிங்க. ஆனால் இங்கே பேசுவதற்கும் களத்துக்கும் தூரம் இருக்கிறது. என் கையில் குழந்தையோடு பேச ஒரு மணி நேரம்தான் இருக்கும். "எல்லாத்தையும் சொல்லு" என்றால் "ஒண்ணுமில்ல" என்று சொல்லும். முதுகில் தழும்பு இருக்கும். ராத்திரி அதே வீட்டுக்குத்தான் திரும்பிப் போகும். அப்போதும் நான் "அப்புறம்?", "அப்புறம்?" என்று உட்கார்ந்திருக்க முடியுமா? நேரடியாகக் கேட்காமல் அந்தக் குழந்தையை ஆபத்துக்குள் அனுப்பினால் அந்தப் பாவம் யாரைச் சேரும்? திறந்த கேள்வி என்பது ஏற்கெனவே பேசத் தயாராக இருக்கிற குழந்தைக்குத்தான் ஒத்துவரும்.

மனவெளி:

களம்24 சொல்வது நியாயமான கவலை. ஆனால் இரண்டு முடிவுகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இன்று இரவு குழந்தை எங்கே தூங்கும் என்பது ஒரு முடிவு. என்ன நடந்தது என்பதற்குக் குழந்தையின் வாக்குமூலம் வேறு. முதல் முடிவைக் குழந்தை வாய் திறந்தால்தான் எடுக்க முடியும் என்றில்லை. முதுகில் தழும்பு இருக்கிறது, அதை மருத்துவர் பார்க்கலாம். கூடப் பிறந்தவர்கள், பள்ளி, அக்கம்பக்கம் இருக்கிறார்கள். அந்த முடிவின் பாரம் முழுவதையும் ஏழு வயதுக் குழந்தையின் "ஆமாம்" மீது ஏற்றுவதுதான் அநியாயம்.

பேசாத குழந்தை விஷயத்தில் ஒரு ஆய்வு என்னை மிகவும் பாதித்தது. இஸ்ரேலில் இரிட் ஹெர்ஷ்கோவிட்ஸ் குழு 2006-இல் வெளியிட்டது. துன்புறுத்தல் நடந்தது என்பதற்கு வலுவான வேறு ஆதாரம் இருந்தும் சொல்லாத குழந்தைகளின் நேர்காணல்களையும், சொன்ன குழந்தைகளின் நேர்காணல்களையும் ஒப்பிட்டார்கள். தயங்கிய குழந்தைகளிடம் நேர்காணல் எடுத்தவர்கள் ஆதரவான வார்த்தைகளைக் குறைவாகவே பேசியிருந்தார்கள், திறந்த கேள்விகளையும் குறைவாகவே கேட்டிருந்தார்கள். யாருக்கு அதிகம் தேவைப்பட்டதோ அவர்களுக்குக் குறைவாகக் கிடைத்திருக்கிறது. குழந்தை ஒதுங்க ஒதுங்க, கேட்பவர் பதறி நெருக்கியிருக்கிறார், குழந்தை இன்னும் உள்ளே போயிருக்கிறது.

இந்தத் துறையில் அதிகம் சோதிக்கப்பட்டது என்ஐசிஎச்டி நெறிமுறை, அதாவது குழந்தையிடம் எப்படிக் கேட்பது என்பதற்கான படிப்படியான வழிமுறை (பெயர் ஓர் அமெரிக்கக் குழந்தைநல ஆய்வு நிறுவனத்தின் சுருக்கம்). மைக்கேல் லாம்ப் முதலானோர் 1990-களில் உருவாக்கியது. அதை 2014 வாக்கில் திருத்தியபோது முக்கியமாகச் சேர்த்தது இந்த ஆதரவுப் பகுதியைத்தான். அன்பும் முறையும் எதிரெதிர் என்று தொடக்கத்தில் நீலக்குடை கேட்டாரே, திருத்தம் அதற்கான பதில்தான்: ஆதரவு தாராளமாக இருக்கலாம், ஆனால் அது குழந்தை என்ன சொல்கிறது என்பதோடு முடிச்சுப் போட்டதாக இருக்கக் கூடாது. "உன்னைப் பாத்ததுல சந்தோஷம்", "இதைப் பத்திப் பேசறது கஷ்டம்னு தெரியுது", "அவசரமே இல்ல", "எத்தனையோ பிள்ளைங்க என்கிட்ட கஷ்டமான விஷயம் பேசியிருக்காங்க, நீயும் பேசலாம்" எல்லாம் சொல்லலாம். குழந்தை ஒரு பெயரைச் சொன்னவுடன் "சபாஷ், ரொம்ப தைரியசாலி" என்றால் அது வேறு. எதைச் சொன்னால் பாராட்டு கிடைக்கும் என்று அப்போது கற்றுக் கொடுக்கிறோம்.

ஆலமரத்தடி:

களம்24, நேரடியான கேள்வி அறவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்கிறோம். திறந்த கேள்விகள் தீர்ந்த பிறகு, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து குறைந்தபட்சத்தை மட்டும் எடுத்து வையுங்கள். "உன் முதுகுல தழும்பு இருக்குன்னு கேள்விப்பட்டேன். அது எப்படி வந்துச்சுன்னு சொல்லு." இதில் அடி இல்லை, அப்பா இல்லை, பெல்ட் இல்லை. விழுந்ததாகவும் இருக்கலாம், குழந்தை அதையும் சொல்லலாம். "ஆமா", "இல்ல" என்று பதில் வரும் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டிய கட்டம் வந்தால், பதில் வந்த கையோடு "அதைப் பத்தி எல்லாம் சொல்லு" என்று மறுபடி திறந்துவிடுங்கள். ஆமாம், இல்லை என்று அடுக்கிக்கொண்டே போனால் பதில்கள் மட்டும் குவியும், நடந்தது என்னவென்று தெரியாது.

அப்படியும் பேசவில்லையா? நிறுத்துங்கள். "இன்னிக்குப் பேச வேண்டாம்னாலும் பரவாயில்ல. நான் திரும்ப வர்றேன்" என்று சொல்லிவிட்டு, சொன்ன நாளில் போய் நில்லுங்கள். வேறு ஆளை அனுப்பி மறுபடி முதலிலிருந்து கேட்க வைப்பதற்கும், அதே ஆள் இன்னொரு நாள் பொறுமையாக உட்காருவதற்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

களம்24:

"எப்படி வந்துச்சுன்னு சொல்லு" கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அதே ஆள் திரும்பப் போவது எங்கள் ஆள் பற்றாக்குறையில் எப்படி நடக்கும் என்று தெரியவில்லை. ஆனால் மேலிடத்தில் கேட்க வேண்டிய விஷயம்தான், கேட்கிறேன்.

நீலக்குடை:

ஆலமரத்தடி அக்கா, பேச்சை எப்படித் தொடங்குவது? நாங்கள் பார்த்தவரை "பேர் என்ன, எந்த க்ளாஸ், எந்த ஸ்கூல், ஃப்ரெண்ட் பேர் என்ன" என்று ஆரம்பித்து அஞ்சாவது நிமிடத்தில் விஷயத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

ஆலமரத்தடி:

அந்தத் தொடக்கமே குழந்தைக்கு ஒரு பாடம் நடத்திவிடுகிறது: இங்கே இவர்கள் கேட்பார்கள், நான் ஒரு வார்த்தையில் பதில் சொன்னால் போதும். பிறகு திடீரென்று "எல்லாத்தையும் சொல்லு" என்றால் எங்கிருந்து வரும்? அதனால் குழந்தைக்குப் பிடித்த விஷயத்தில் ஆரம்பியுங்கள். "உனக்கு என்ன செய்யப் பிடிக்கும்னு சொல்லு." சைக்கிள் என்கிறதா? "கடைசியா சைக்கிள் ஓட்டினதை ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் சொல்லு." நடுவில் குறுக்கிடாமல் கேளுங்கள். இங்கே பேசப்போவது தான்தான், இவர் கேட்டுக்கொள்கிற ஆள் என்று குழந்தைக்கு இதில் புரிந்துவிடும். அந்தக் குழந்தை எவ்வளவு நீளமாகப் பேசும், எந்த வேகத்தில் பேசும் என்பதும் உங்களுக்குத் தெரியும். சைக்கிளைப் பற்றியே நான்கு வார்த்தைதான் வருகிறது என்றால், முக்கியமான விஷயத்திலும் நான்கு வார்த்தை வந்தால் அது மறைக்கிறது என்று அர்த்தமில்லை.

அப்புறம் விதிமுறைகளைச் சொல்லும்போது பிரசங்கமாகச் சொல்லாமல் செய்து பாருங்கள். "என் நாய் பேர் என்ன?" என்று கேளுங்கள். ஏதாவது ஒரு பெயரைச் சொல்லிவிடும்! "உனக்குத்தான் தெரியாதே. தெரியலைன்னா தெரியாதுன்னு சொல்லு, அது தப்பே இல்ல." ஆறு வயதுப் பையனிடம் "உனக்கு ரெண்டு வயசுதானே?" என்று கேட்டால் சிரித்துக்கொண்டே திருத்துவான். "பாத்தியா, நான் தப்பாச் சொன்னா நீ இப்படித்தான் திருத்தணும்." பெரியவர்களைத் திருத்தலாம் என்று அந்தக் குழந்தைக்கு இதுவரை யாரும் சொல்லியிருக்கவே மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் தெரியாது என்றால் திட்டுத்தான்.

இன்னும் ஒன்று, பேனா. எந்த வார்த்தைக்குப் பேனா வேகமாக ஓடுகிறது என்று குழந்தை கவனித்துக்கொண்டே இருக்கும். சைக்கிள் கதைக்குச் சும்மா இருந்துவிட்டு, "கதவைச் சாத்திடுவாரு" என்றதும் குனிந்து எழுத ஆரம்பித்தால் வேண்டியது எது என்று காட்டிக் கொடுத்துவிட்டோம். முதலிலிருந்தே ஒரே சீராக எழுதுங்கள்.

வாதாடி:

எத்தனை தடவை, எந்தத் தேதி, எத்தனை மணி என்று எங்கள் ஆட்கள் நச்சரிப்பார்கள், தெரியும். நீதிமன்றத்துக்கு அது வேண்டியும் இருக்கிறது. இதற்கு என்ன செய்வது?

மனவெளி:

ஏழெட்டு வயதுக்குக் கீழே "எத்தனை தடவை" என்று கேட்டால் ஒரு எண் வரும், அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்காது. முதல் நாள் ஐந்து என்றதை மறுநாள் இருபது என்று சொல்லும், பொய் சொல்கிறது என்று நீங்கள் எழுதுவீர்கள். "ஒரு தடவை நடந்துச்சா, ஒரு தடவைக்கு மேலயா?" என்பதோடு நிறுத்துங்கள். மேல் என்றால், கடைசியாக நடந்ததைச் சொல்லச் சொல்லுங்கள், பிறகு முதல் தடவை, பிறகு நன்றாக ஞாபகம் இருக்கும் ஒரு தடவை. தேதியை நேராகக் கேட்காமல், குழந்தை சொன்னதிலேயே பிடியுங்கள். அன்று பள்ளி இருந்தது, பாட்டி ஊருக்குப் போயிருந்தார் என்று அதுவே சொல்லியிருக்கும். அந்தத் தேதியைப் பள்ளியிலும் பாட்டியிடமும் தேடுவது புலனாய்வு அதிகாரியின் வேலை.

பொம்மையைக் காட்டி "எங்க தொட்டாரு, காட்டு" என்பதையும் விடுங்கள். மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கு அந்தப் பொம்மை பொம்மைதான். அதைத் தன் உடம்பாகப் பாவித்துக் காட்டுவது அந்த வயதுக்குக் கடினம் என்று ஜூடி டிலோச்சின் ஆய்வுகள் காட்டின. பொம்மையின் ஆடைக்குள் விரலைவிட்டுப் பார்க்கும் குழந்தை வெறும் ஆர்வத்தில் பார்க்கலாம். அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

கரும்பலகை:

சொல்லிவிட்டுப் பிறகு "நான் சும்மா சொன்னேன்" என்று பின்வாங்கும் பிள்ளைகள்? அப்படி ஒன்று நடந்தபோது, முதலில் சொன்னதே பொய் என்று எல்லோரும் சுலபமாகக் கை கழுவிவிட்டார்கள்.

மனவெளி:

பின்வாங்கல் அபூர்வம் அல்ல, டீச்சர். 2007-இல் மல்லாய், லயான், குவாஸ் மூவரும் 257 வழக்குகளைப் பார்த்ததில் 23% குழந்தைகள் ஏதோ ஒரு கட்டத்தில் பின்வாங்கியிருந்தார்கள். செய்தவர் பெற்றோர் ஸ்தானத்தில் இருந்தாலோ, குற்றம் செய்யாத மற்றப் பெற்றோர் குழந்தையின் பக்கம் நிற்காவிட்டாலோ பின்வாங்குவது கூடுதலாக இருந்தது. குழந்தை பொய்யாகச் சொன்னதால் பின்வாங்கியது என்பதைவிட, வீட்டின் அழுத்தத்தால் பின்வாங்கியது என்பதற்கே இது பொருந்துகிறது. அதனால் "சும்மா சொன்னேன்" என்பதையும் முதலில் கேட்ட அதே பொறுமையோடு கேளுங்கள். "சும்மா சொன்னேன்னு சொல்றே. அதைப் பத்தி எனக்குச் சொல்லு." முதலில் சொன்ன பிறகு வீட்டில் என்னவெல்லாம் நடந்தது என்பதும் அதில் வந்துவிடும்.

அன்றொருநாள்:

இந்தப் பதிலுக்கு நன்றி, மனவெளி. வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை.

இருமொழி:

நான் மொழிபெயர்ப்பாளர். குழந்தையின் மொழி தெரியாத அதிகாரியும் நானும் குழந்தையும் என்று மூவராக உட்காருவோம். எல்லாம் திறந்த கேள்வியாகவே இருக்கும், என் வாயில் புகுந்து வெளியே வரும்போது பதிலை எடுத்துக் கொடுக்கும் கேள்வியாகிவிடும் அபாயம் இருக்கிறது. "என்ன நடந்தது" என்பதை "என்ன பண்ணாரு" என்று மாற்றினாலே ஓர் ஆள் உள்ளே வந்துவிடுகிறார். அதனால் கேள்விகளை முன்கூட்டியே என்னிடம் காட்டுங்கள், சேர்ந்து உட்கார்ந்து சொல்லிப் பார்ப்போம். குழந்தை சொன்ன அரைகுறை வாக்கியத்தை அரைகுறையாகவே தருவேன், முழுசாக்கித் தரச் சொல்லாதீர்கள். குடும்பத்துக்குத் தெரிந்தவரை மட்டும் மொழிபெயர்க்கக் கூப்பிடவே வேண்டாம். உறவினர் காதில் விழும் என்று தெரிந்தால் எந்தக் குழந்தையும் பேசாது.

நீலக்குடை:

ஒரே இடத்தில், ஒரே தடவையில் முடிவதற்கு எங்காவது வழி செய்திருக்கிறார்களா? அன்றொருநாள் சொன்னது போல ஆள் மாற்றி ஆள் கேட்பதுதான் எல்லா இடத்திலும் நடக்கிறது போலிருக்கிறது.

வாதாடி:

செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஹன்ட்ஸ்வில் நகரில் 1985-இல் ஒரு குழந்தைகள் மையம் தொடங்கினார்கள். ஐஸ்லாந்து 1998-இல் "பார்னாஹூஸ்" என்று ஆரம்பித்தது, குழந்தைகள் வீடு என்று அர்த்தம். பயிற்சி பெற்ற ஒருவர் மட்டும் குழந்தையோடு உட்காருவார். காவல்துறை, அரசு வழக்கறிஞர், குழந்தைநல அலுவலர், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எல்லோரும் பக்கத்து அறையில் திரையில் பார்ப்பார்கள். அவர்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அந்த ஒருவர் மூலமாகத்தான் போகும். மருத்துவப் பரிசோதனையும் மனநல உதவியும் அதே கட்டடத்தில். ஸ்வீடன், நார்வே என்று பிறகு பரவியது. அப்படி ஒரு கட்டடம் இல்லாத இடத்திலும் ஒரே ஆள் கேட்பது, பதிவு செய்வது, மற்றவர்கள் அந்தப் பதிவைப் பார்த்துக்கொள்வது என்பதையாவது செய்யலாம். அதற்குக் கட்டடம் வேண்டியதில்லை, துறைகள் பேசி வைத்துக்கொண்டால் போதும்.

நீலக்குடை:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. இதையெல்லாம் படித்துப் புரிந்துகொண்டாலும் உள்ளே உட்கார்ந்தால் வாய் பழைய கேள்விக்கே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. நான் எடுக்கும் நேர்காணல்களை எழுதி இங்கே போட்டால் பார்த்துச் சொல்வீர்களா?

ஆலமரத்தடி:

போகத்தான் செய்யும். ஒருமுறை பயிற்சி எடுத்துவிட்டு விட்டுவிட்டால் பழக்கம் திரும்பிவிடுகிறது. தொடர்ந்து யாராவது பார்த்துத் திருத்திக்கொண்டே இருந்தால்தான் நிற்கிறது என்று லாம்ப் குழுவின் ஆய்விலும் வந்தது. உங்களோடு வேலை பார்க்கும் ஒருவரைப் பிடியுங்கள். அவர் குழந்தையாக நடிக்கட்டும், என்ன கதை என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. ஒலிப்பதிவு செய்து, ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் அது திறந்ததா, குறுகியதா, பதிலைக் கொடுத்ததா என்று குறியுங்கள். முக்கியமாக, குழந்தை சொல்லாத ஒரு வார்த்தை உங்கள் வாயில் முதலில் வந்த இடத்தை வட்டம் போடுங்கள். அந்த நடிப்புப் பேச்சை இங்கே போடுங்கள், வரிவரியாகப் பார்க்கலாம்.

வாதாடி:

நடிப்புப் பேச்சு மட்டும். உண்மையான நேர்காணலின் ஒரு வரிகூட இங்கே வரக் கூடாது, பெயரை மாற்றினாலும் ஊரை மாற்றினாலும் கூடாது. அந்த வரியைப் படித்தால் இது யார் என்று கண்டுபிடிக்கக்கூடிய ஒருவர் எங்காவது இருப்பார். உண்மைப் பதிவை உங்கள் மேற்பார்வையாளரோடு அலுவலகத்துக்குள் உட்கார்ந்து பாருங்கள்.

நீலக்குடை:

சரி சார். நடிப்புப் பேச்சைத் தனி இழையாகப் போடுகிறேன். களம்24, குழந்தையாக நடிக்க வருகிறீர்களா?

களம்24:

வருகிறேன். பேசாத குழந்தையாகத்தான் இருப்பேன்.